ஒரு சொட்டும் ஒழுகாத வாரம்

கிள்ளானிலிருந்து வருகிறேன் என்றால் சென்னையில் யாருக்கும் புரிவதில்லை. மலேசியா என்றால் மட்டும் முகம் மலர்ந்து, அந்த இரட்டைக் கோபுரத்தில் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அறுபது வயதாகிறது, நான் ஏறியதில்லை. விமான நிலையத்திலிருந்து ராயபுரத்துக்கு அழைத்து வந்த டாக்ஸிக்காரரும் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு என்மேல் இருந்த மரியாதை குறைந்துவிட்டது. கூடவே ஏசியையும் குறைத்துவிட்டார்.

நான் வந்தது கல்யாணத்துக்கு. என் தம்பி முருகையாவின் ஒரே மகள் யமுனாவுக்குக் கல்யாணம். அத்தை என்று அவளுக்கு இருப்பது நான் ஒருத்திதான். முருகையா கப்பலில் பிட்டராக இருந்தவன். பழுதான கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தபோது கரையிறங்கினான், ராயபுரத்தில் வசந்தாவைப் பார்த்தான், தங்கிவிட்டான். கப்பல் போய்விட்டது, இவன் போகவில்லை. எங்கள் அம்மா மட்டும் சாகும்வரை கிள்ளானில் பக்கத்து வீடுகளில் "பையன் கப்பலில் இருக்கிறான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எண்ணூர் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் திடீரென்று இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றது. அவன் விழுந்தான். பின்னால் வந்தது கன்டெய்னர் லாரி. இதற்குமேல் என்னால் எழுத ஆகாது. விசா என் கைக்கு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கூடப் பிறந்தவனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவள் என்ற குறையோடுதான் இந்த ஊரில் இறங்கினேன்.

வீடு கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. நீளமான ஒரு நடை, இருபுறமும் குடித்தனங்கள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். நடையில் பாதியை நீலத் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த நான் அதில் முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டேன். "அய்ய, பாத்து அண்ணி!" என்று ஓடிவந்த வசந்தா, விலகிய தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு அதற்கப்புறம்தான் என் காலைப் பார்த்தாள். உள்ளே இருப்பது என்ன என்று எனக்கு அப்போது புரிந்தது.

என் தம்பியைவிட மூத்த வண்டி அது. சீமையில் செய்து கப்பலில் வந்து, யார் யார் கையிலோ ஓடி, கடைசியில் இவனிடம் சேர்ந்தது. ஊரில் எல்லாரும் புது வண்டி வாங்கும்போது இவன் மட்டும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் கானாங்கெளுத்திக் குழம்பும் நெத்திலி வறுவலும். நாங்கள் கிள்ளானில் மீனுக்குப் புளியோடு இஞ்சிப் பூவைப் போடுவோம். இங்கே புளியும் மிளகாயும் போட்டு அப்படியே தலையில் அடிக்கிறார்கள். கண்ணில் நீர் வந்தது. காரத்தினால் என்று வசந்தா நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் நடையைக் காட்டி அவளாகவே பேசினாள்.

"இந்த சனியன் ஒழுகிக்கினே இருக்கும் அண்ணி. நடையில கோலம் போட்டா, கோலத்து மேல எண்ணெ. எதுர் வூட்டுக்காரி தெனம் ஒரு பஞ்சாயத்து. ஒரு நாளு பொறுக்க முடியாம, இந்த வூட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உன் வண்டி இருக்கணும்னு கத்திட்டேன். ஞாயித்துக்கெழம நடையில குந்திகினு அவுரே இன்னாவோ பண்ணாரு. அத்தோட நின்னுச்சி. கடைசி வாரம் பூரா ஒரு சொட்டு ஒழுகல. எனக்கோசரம் பண்ணாரு அண்ணி."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவன் செத்த கதையைப் போனில் சொன்ன வாய்தான் இதையும் சொன்னது என்று நம்பவே முடியவில்லை. எங்கோ ஒரு ஸ்குருவை இறுக்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணப் பத்திரிகையைப் புரட்டியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். தாய்மாமன் பெயரே இல்லை. வசந்தாவுக்கு ஏழுமலை என்று ஒரு அண்ணன் உண்டு. திருவொற்றியூரில் மெக்கானிக். முருகையாவுக்கு மச்சான் மட்டுமல்ல, தோஸ்து. ஏழுமலை எங்கே என்று கேட்டேன். வசந்தா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அவன்தான் அந்த எஞ்சினைப் பிரிச்சி மாட்டுனான். மாட்டி ரெண்டு வாரம் ஆவல, இவுரு போயிட்டாரு. எண்ணெ ஏறல, அதான் புடிச்சிக்கிச்சின்னு ரோட்ல நின்ன மெக்கானிக்கே சொன்னான். என் புருசன கொன்ன கையி அது. அந்தக் கையி என் பொண்ணு நெத்தியில படக் கூடாது."

இங்கே தாலி கட்டுவதற்குமுன் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். மாமன் இருக்கும்போது வேறு ஆள் கட்டினால், மாமன் செத்தான் என்று ஊருக்குச் சொல்வதுபோல. ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவரை ஏற்பாடு செய்திருப்பதாக வசந்தா சொன்னாள்.

சாயங்காலம் யமுனா என்னை அத்தோ சாப்பிட அழைத்துப் போனாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கடற்கரைப் பக்கம் போட்ட தள்ளுவண்டிகள், இப்போது வடசென்னையில் எங்கு பார்த்தாலும் இருக்கின்றன. ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் வைக்கிறார்கள். எங்கள் ஊர் மீ கோரெங்குக்கு இது ஒன்றுவிட்ட அக்கா முறை என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தை, நீங்க மோட்டார் சாமான் கடையில அவ்ளோ வருஷம் இருந்தீங்கல்ல. வண்டியைப் பிரிச்சா, மாமா பண்ணது தப்பா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?"

கவுண்டரில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தவள் நான், மெக்கானிக் இல்லை என்றேன். ஆனால் பார்த்தால் தெரியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்துவிட்டது. "ஒருத்தரும் அதைப் பிரிச்சுப் பார்க்கலை அத்தை. அம்மா விடலை. மாமாவும் வரலை. பாக்காமலே ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க" என்றாள். சூப் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் மெட்ரோவில் திருவொற்றியூர் போனேன். பளபளப்பான வண்டி, குளுகுளு காற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நானு ஏசில குந்திகினு வந்துகினுகீறேன். இறங்குனா வேர்க்கும். அப்பால பேசுறேன்." வேர்ப்பதற்கும் பேசுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து முடிப்பதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் என்னை ஐந்தாவதாகச் செருகினார்கள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நின்றன. வரிசைக்கு முடிவே தெரியவில்லை. கிள்ளானும் துறைமுகம்தான், நாங்களும் லாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் எங்கள் லாரிகள் ஊருக்கு வெளியே போகும். இங்கே அவை வீட்டு வாசலில் நிற்கின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துச் சமைக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய சக்கரத்தையும் கடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்த இடம் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஏழுமலை மெக்கானிக் ஷெட்டை மூடிவிட்டு ஒரு லாரி பஞ்சர் கடையில் வேலை பார்க்கிறார் என்று யமுனா சொல்லியிருந்தாள். தடித்த உடம்பு, முழுதும் நரைத்த தலை. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"முருகையா மூக்கு" என்றார். "நீங்க அவன் அக்காதானே?"

எனக்கு ஸ்டூல் போட்டு, டீ வரவழைத்து, அவர் டயரின்மேல் உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"நான்தாங்க்கா பண்ணேன்."

அவர் சொன்னதைப் புரியும்படி எழுதிவிடுகிறேன். எஞ்சினின் பக்கத்து மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு தடித்த தாள் வைப்பார்கள். பேக்கிங் என்று பெயர். அந்த வயது வண்டிக்கு அது கடையில் கிடைக்காது. மூடியின்மேல் தாளை விரித்து, விளிம்போடு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் இரும்பே தாளை வெட்டிவிடும். அதில் ஊதுபத்திக் குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். எஞ்சினின் நடுத்தண்டுக்கு எண்ணெய் போவது அந்த வழியாகத்தான். தட்டி எடுத்த பொட்டு அளவு தாள் முழுசாக விழ வேண்டும். ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், சில நாள் ஓடிய பிறகு அது மடங்கி வழியை அடைத்துவிடும்.

"அந்தப் பொட்ட எடுத்து பெஞ்சுமேல ஒட்டி வெப்பேன். எடுத்தாச்சின்னு கண்ணுக்குத் தெரியும்ல. அன்னிக்கி அவன் பக்கத்துல குந்திகினு கத சொல்லிக்கினு இருந்தான். சிரிச்சிக்கினே தட்டுனேன். ஒட்டுனேனா இல்லியா, மெய்யாலுமே தெர்லக்கா. எவ்ளோ யோசிச்சும் தெர்ல."

"பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்றேன்.

"அதான் பாக்கல" என்றார்.

டீ நன்றாக இருந்தது. எங்கள் ஊர் தே தாரிக்கைவிட நன்றாக இருந்தது. குடிக்க முடியாமல் வைத்துவிட்டேன்.

வசந்தாவிடம் அன்று மாலையே கேட்டேன். வண்டியை எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்க்கட்டுமா என்று. அவள் தார்ப்பாயின் ஓரத்தை ஒரு முறை நீவிவிட்டாள். "பாருங்க. அவன் தப்புன்னா தப்புன்னு வந்து சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நீங்க அவுரு கூடப் பொறந்தவங்க. இதுல எனக்குப் பொய் சொல்ல மாட்டீங்க." அந்தக் கடைசி வார்த்தையை அப்போது நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி போனது மீன்பாடி வண்டியில். மூன்று சக்கரம், முன்னால் ஒரு பலகை, பின்னால் எங்கிருந்தோ எடுத்துப் பொருத்திய ஸ்கூட்டர் எஞ்சின், பிரேக் இருப்பதாகச் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிளைப் பலகையில் கயிறு போட்டுக் கட்டி, அது சாயாமல் பிடித்துக்கொள்ள என்னையும் பக்கத்தில் ஏற்றிவிட்டார் வண்டிக்காரர். இந்த வயதில், பட்டுப் புடவை எடுக்கப் போக வேண்டியவள், காசிமேடு வழியாக மீன் நாற்றத்தோடு ஊர்வலம் போனேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் சங்கிலி அறுந்தது. வண்டிக்காரர் இறங்கி, வண்டியை ஒரு முறையும் வானத்தை ஒரு முறையும் திட்டினார்.

"இன்னா பேஜாரு பாருக்கா! கட்டிக்கினு போற வண்டியும் ஓடல, கட்டுன வண்டியும் ஓடல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அந்தப் பழைய வண்டியின் டேங்கில் கை வைத்தேன். வெயிலில் சூடேறிக் கிடந்தது. அவன் கை தினமும் பட்ட இடம். நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். வண்டிக்காரர் போகிறவர்களைப் பார்த்து "இன்னா வேடிக்க? போ, போ" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

திருவொற்றியூரில் ஏழுமலை தன் ஷெட்டைத் திறந்து வைத்திருந்தார். கடல் காற்றில் ஷட்டர் துருப்பிடித்து, பாதி உயரத்துக்குத்தான் ஏறியது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அன்று காற்று எண்ணூர்த் தொழிற்சாலைகள் பக்கத்திலிருந்து அடித்தது. தொண்டையைக் கரிக்கும் வாடை. வண்டியைப் பார்த்ததும் அவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தொடவில்லை. நான்தான் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

முதலில் எண்ணெயை வடித்தார். சரியான அளவு இருந்தது. அதனால் எண்ணெய் தீர்ந்து எஞ்சின் பிடிக்கவில்லை. பம்பைக் கழற்றி எண்ணெயில் முக்கிக் கையால் சுற்றினார். அழகாகத் தள்ளியது. பம்பும் நல்லது. அப்படியென்றால் பம்புக்கும் நடுத்தண்டுக்கும் நடுவில், அந்த மூடிக்குள்தான் ஏதோ. இருவரும் எதிர்பார்த்த இடம்தான். அவர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மூடியின் ஓரத்தில் அப்பியிருந்த அழுக்கைத் துடைத்தார். துடைத்த கை நின்றது.

மூடியின் விளிம்பு நெடுக மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

"இது நான் வெச்சது இல்லியே. நான் பேக்கிங்குக்கு கிரீஸ்தான் தடவுவேன். இது பசைக்கா. இத்த அப்பால யாரோ திறந்துகீறாங்க."

நடையில் குந்தி என்னவோ செய்தான் என்று வசந்தா சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

மூடி எளிதில் வரவில்லை. பசை அப்படிப் பிடித்திருந்தது. தட்டித் தட்டி எடுத்தபோது ஏழுமலை வெட்டிப் போட்ட அதே பேக்கிங் தாள் கிழியாமல் மூடியோடு வந்தது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். நீங்களே பாருங்கள் என்பதுபோல என்னிடம் நீட்டினார். நான் அதைப் பிரித்தெடுத்து, பாதி திறந்த ஷட்டர் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தேன். சின்ன ஓட்டை. வட்டமாக, சுத்தமாக, ஒரு பிசிர்கூட இல்லாமல். அதன் வழியாக எதிரே நின்ற லாரியின் விளக்கு தெரிந்தது.

"போட்டிருக்கிறாய், ஏழுமலை. சரியாகப் போட்டிருக்கிறாய்."

அவர் வாங்கிப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் அந்தத் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு பொட்டுத் தாளுக்காக அந்த மனிதர் தூங்கவில்லை.

அழுது முடித்து மூடியை எடுத்து, எண்ணெய் வழியில் வாய் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு இழையைப் பிரித்து உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். சிவப்பாக, மண்புழு அளவுக்கு, ரப்பர்போல ஒன்று வந்தது. பிதுங்கி உள்ளே போய்க் காய்ந்த பசை. ஒரு வாரம் சும்மா இருந்து, பிய்ந்து, எண்ணெயோடு போய் வழியில் அடைத்திருக்கிறது.

ஏழுமலை அதை விரலில் உருட்டினார். "கப்பல் பசை" என்றார்.

கப்பல் எஞ்சினில் எண்ணெய்க் குழாய் மனிதனின் கைத் தடிமன் இருக்கும். மூடிகளுக்குப் பசையை அள்ளிப் பூசுவார்கள். கொஞ்சம் உள்ளே பிதுங்கினால் யாருக்கு என்ன? என் தம்பி பாதி வாழ்க்கை அப்படித்தான் வேலை செய்தான். அந்தப் பழக்கத்தில், பெண்டாட்டியின் கோலம் கெடக் கூடாது என்று, ஊதுபத்திக் குச்சி அளவு வழியுள்ள வண்டிக்கும் அள்ளிப் பூசிவிட்டான். ஒழுகுவது நின்றது. அடப்பாவி, மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

வசந்தா சொன்னதை அப்போதுதான் ஏழுமலையிடம் சொன்னேன். கோலம், சண்டை, ஞாயிற்றுக்கிழமை, ஒரு சொட்டும் ஒழுகாத வாரம், எல்லாம்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேனேக்கா. இந்த வண்டி ஒழுகலன்னாதான் பயப்படணும்" என்றார். பிறகு, "இது தங்கச்சிக்குத் தெரியக் கூடாது. நாந்தான் பண்ணேன்னு போய் சொல்லிடுங்க. ஊரே அப்படித்தான் சொல்லிக்கினுகீது. எனக்குப் பழகிப்போச்சி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குப் பைத்தியமா? உன் மருமகள் நெற்றியில் எவனோ பட்டம் கட்டட்டும், நீ பஞ்சர் ஒட்டிக்கொண்டிரு. அதற்காகவா நான் மீன் வண்டியில் வந்தேன்?"

"அப்ப இன்னா சொல்றது? அவ கத்துனதாலதான் அவன் செத்தான்னா? அவ செத்துருவாக்கா."

அதுவும் சரிதான். உண்மையைச் சொன்னால் தங்கை போய்விடுவாள், சொல்லாவிட்டால் அண்ணன் போய்விடுவான். கடைசியில் ஒன்று சொன்னேன். பம்பு தேய்ந்துவிட்டது. வயதான சாமான். யார் தப்பும் இல்லை.

"பம்பு நல்லாகீதேக்கா!" என்றார் அவர் உடனே, ஏதோ பம்பை நான் கேவலப்படுத்திவிட்டதுபோல.

"தெரியும். அது கோபித்துக்கொள்ளாது."

அந்தச் சிவப்புப் புழுவை எறிய எனக்கு மனம் வரவில்லை. என் தம்பி கடைசியாகச் செய்த வேலை அது. கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது வசந்தா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது. "அண்ணன் மாட்டுனது சரியா இருந்திச்சா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது என்றேன். "மெய்யாலுமா?" என் தம்பிமேல் சத்தியம் என்றேன். அதுவரை உண்மைதான். "அப்ப இன்னாதான் ஆச்சி?" பம்பு, வயதாகிவிட்டது, யாராலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது என்றேன். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். கைக்குட்டை முடிச்சு விரலில் தட்டியது.

அவள் கையைக்கூடக் கழுவாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்தாள். ஒரு தூக்கில் சோறும் மீன் குழம்பும் வைத்து, "அவன் இன்னாத்தத் துன்றானோ, எங்க துன்றானோ" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். "வாங்க அண்ணி, ஆட்டோ புடிக்கலாம்."

அண்ணனும் தங்கையும் சந்தித்ததை நான் பார்க்கவில்லை. ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோக்காரர் மலேசியாவில் வேலை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். எவ்வளவு சோப்புப் போட்டும் நகத்தடியில் கறுப்பு போகவில்லை. பட்டம் கட்டும்போது அந்தக் கை யமுனாவின் நெற்றியில் பட்டது. முடிச்சு விழாமல் இரண்டு முறை நழுவியது. வசந்தா பக்கத்தில் போய்ப் பட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். பிரியாணி போட்டார்கள். ருசி தெரியவில்லை.

நான் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் சந்துக்கு வெளியே தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. எதிர் வீட்டுக்காரி முதற்கொண்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். ஏழுமலை அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். புது பிஸ்டன், லேத்தில் கொடுத்துத் தேய்த்த தண்டு, தானே சுத்தியலால் தட்டிய புது பேக்கிங். நடையில் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வசந்தா சீட்டைத் தடவிப் பார்த்தாள்.

அன்று நடைக்குக் கோலம் போட வேண்டிய முறை வசந்தாவுடையது. விடியற்காலையிலேயே போட்டிருந்தாள். வண்டிக்கு அடியில் அந்தக் கோலத்தின் ஓர் இதழில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"பாத்தியா, பாத்தியா!" என்றாள் வசந்தா. அண்ணன் திரும்பி வந்த சந்தோஷத்தில், ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குக் கேலி வந்திருந்தது. "நீ பெரிய மெக்கானிக்கு. உன் கையில ஒழுகுது. அவுரு கையில ஒரு சொட்டு ஒழுகல. சொல்லுங்க அண்ணி, எங்க வூட்டுக்காரு எவ்ளோ சோக்கா பண்ணிக் குடுத்தாரு, இவனால முடியல பாருங்க."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் என் பெட்டியின் பூட்டைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றார் அவர். "அவன் வேல நமக்கு வராது."

தோளில் கிடந்த துண்டை எடுத்து, குனிந்து, கோலம் அழியாமல் அந்தச் சொட்டைத் துடைத்தார். அவர் நிமிர்வதற்குள் அடுத்தது விழுந்தது.